வீக்கம் வடிவது எப்படி?

சென்ற பொங்கல் விடுமுறையில் வயலில் கருவேல முள் ஒன்று என் குதிகாலில் தைத்தது. முள்ளை எடுத்த பின்னும் மறுநாள் கால் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. நான்கு நாளில் தானே வடிந்தும்விட்டது. அதைப் பார்த்த என் அத்தை, "உனக்கு வடிஞ்சிடுச்சு, எனக்கு மட்டும் ஏண்டா பதினோரு வருஷமா வடியல?" என்று கேட்டார். அவருக்கு விரல் மூட்டுகளில் முடக்குவாதம். விலங்கியல் மாணவனாகிய எனக்கு விடை தெரியவில்லை. அழற்சி எவ்வாறு தொடங்குகிறது என்பதைத் தேர்வுக்குப் படித்திருந்தேன். எவ்வாறு முடிகிறது என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தேடினேன். 1986-ஆம் ஆண்டில் ரஞ்சன் சென், டேவிட் பால்ட்டிமோர் ஆகிய இருவரும் 'என்.எஃப். கப்பா-பி' என்னும் புரதத்தைக் கண்டறிந்தனர். அமைதியாக உள்ள உயிரணுவில் இது உட்கருவுக்கு வெளியே, 'ஐ-கப்பா-பி' என்னும் வேறொரு புரதத்தால் கட்டுண்டு கிடக்கிறது. கிருமி வந்த செய்தி எட்டிய சில நிமிடங்களில் இக்கட்டு சிதைக்கப்படுகிறது. விடுபட்ட புரதம் உட்கருவினுள் நுழைந்து, அழற்சிக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. என் கால் சிவந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு.

என்னை வியப்பில் ஆழ்த்தியது அடுத்த செய்திதான். அது இயக்கும் மரபணுக்களுள் ஒன்று, தன்னைக் கட்டிவைத்திருந்த ஐ-கப்பா-பி-யின் மரபணு! அவிழ்த்துக்கொண்டு ஓடிய காளை, ஓடும்போதே தனக்குக் கயிறு திரிப்பதைப் போல. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் புதிய ஐ-கப்பா-பி உருவாகி, உட்கருவுக்குள் சென்று, டி.என்.ஏ.யைப் பற்றியிருக்கும் காளையைப் பிரித்து வெளியே இழுத்து வருகிறது.

'ஏ-20' என்னும் புரதமும் இவ்வாறே பிறக்கிறது. இது கயிற்றை அறுக்க வரும் கட்டளையையே வழியில் அடக்குகிறது. ஏ-20 இல்லாத சுண்டெலிகள் அழற்சி முற்றி இளமையிலேயே மடிந்ததை 2000-இல் கண்டனர். இம்மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதுபட்ட மனிதர்களைப் பற்றி 2016-இல் எழுதினர்: சிறு வயதிலேயே வாய்ப்புண், காய்ச்சல், மூட்டு வீக்கம்.

முடக்குவாதத்திற்குக் காரணங்கள் பல. அதில் உடலின் காவற்படை தன் மூட்டையே தாக்குவதால் கட்டளை ஓயாமல் வருகிறது. கயிறு திரிக்கத் திரிக்க அறுகிறது. கட்டளை கொண்டு வருவனவற்றுள் 'டி.என்.எஃப்.' என்னும் புரதம் முக்கியமானது. அதை மடக்கிப் பிடிக்கும் ஊசி மருந்து அமெரிக்காவில் 1998 முதல் முடக்குவாதத்திற்குத் தரப்படுகிறது. நம் நாட்டிலும் கிடைக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். காளை கதையை ரசித்துக் கேட்டார். "அந்த ஊசி என்ன விலைடா?" என்றார். சொன்னேன். சற்று நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போய் வெந்நீர் வை" என்றார்.