பலகாரம் பொங்குவதும் கடைக்காரர் கடமையும்



பெருநாள் நெருங்கும்போது நம் கடைகளில் அதிகமாக விலைபோகும் சரக்குகள் எவை? மைதா மாவு, சீனி, முட்டை, மார்ஜரின், பேக்கிங் பவுடர் ஆகியவை அல்லவா? ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற ஊர்களிலும் அவற்றை அடுத்த தோட்டங்களிலும், நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வீட்டிலேயே பலகாரம் சுடும் வழக்கம் இன்றும் மறையவில்லை. இச்சரக்குகளை அன்றாடம் நிறுத்துக் கொடுக்கும் நாம், அவை அடுப்பில் என்ன வேலை செய்கின்றன என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பேக்கிங் பவுடரில் நமக்குக் கிடைக்கும் லாபம் சில சென். அது வலுவிழந்திருந்தால் வாங்கியவருக்கு வீணாவதோ மாவு, சீனி, முட்டை, எரிபொருள் அத்தனையும்!

மேலும் கீழும் நெருப்பு

மலாக்காவில் யாவரும் அறிந்த பலகாரம் பஹுலு. 1511-ஆம் ஆண்டில் இந்நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் மொழியில் கேக்குக்குப் ‘போலு’ என்று பெயர். பஹுலு என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது என்பர். மாவுக் கலவையைக் கனமான பித்தளை அச்சில் ஊற்றி, அச்சின் கீழும் மூடியின் மேலும் தணல் இட்டுச் சுடுவதே பழைய முறை. பிரியாணிக்குத் தம் போடும் நமக்கு இது புதிதன்று. மின்சார அடுப்பு செய்வதும் இதே வேலைதான்.

பழைய பஹுலுவில் பவுடர் கிடையாது. முட்டையையும் சீனியையும் கை ஓயும்வரை அடிப்பார்கள். அப்போது கலவைக்குள் புகும் காற்று சூட்டில் விரிந்து பலகாரத்தைத் தூக்குகிறது. முட்டையும் மாவும் இறுகி அந்த உருவத்தை நிலைநிறுத்துகின்றன.

பவுடர் வந்த வரலாறு

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் சேர்த்த ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்காகவே 1843-ஆம் ஆண்டில் ஈஸ்ட் இல்லாமல் மாவைப் பொங்கச் செய்யும் பவுடரை அவர் உருவாக்கினார். 1845-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகர ரொட்டிக் கடைக்காரர் ஹென்றி ஜோன்ஸ், தானே பொங்கும் மாவுக்குக் காப்புரிமை பெற்றார். இருவரும் நம்மைப்போல் கடை வைத்துப் பிழைத்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இப்பவுடரில் இருப்பவை மூன்று: சோடா உப்பு, உலர்ந்த புளிப்புப் பொருள், சோள மாவு. ஈரம் பட்டதும் சோடாவும் புளிப்பும் கலந்து கரியமில வாயுவை வெளியிடுகின்றன. இன்று விற்கும் பவுடர்களில் பெரும்பாலானவை ஈரத்தில் ஒரு பகுதியும் சூட்டில் மறு பகுதியும் பொங்குபவை. சோள மாவு, டப்பாவுக்குள் புகும் ஈரத்தை உறிஞ்சிக் காவல் காக்கிறது. ஆனால் மலாக்காவோ கடலோர நாடு. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம். மூடி சரியாக இல்லாவிட்டால், அடுப்பில் நடக்க வேண்டிய வேலை டப்பாவுக்குள்ளேயே முடிந்துவிடும். பிறகு அது வெறும் தூள்தான்.

ஆப்ப சோடா என்பது சோடா உப்பு மட்டுமே. தயிர், மோர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு ஏதேனும் சேர்ந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். புளிப்பின்றி அதிகமாகப் போட்டால் பலகாரம் மஞ்சளித்துச் சவர்க்காரச் சுவை தட்டும். ‘பவுடர் இல்லை, சோடா கொண்டு போங்கள், இரண்டும் ஒன்றுதான்’ என்று சொல்லிக் கொடுப்பது தவறு. ஒரு தேக்கரண்டி பவுடருக்குப் பதிலாகக் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் அரைக் கோப்பைப் புளித்த மோரும் போதும். மோரின் அளவுக்கு மற்ற நீரைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

ஒரு நிமிடச் சோதனை

அரைக் கோப்பைச் சுடுநீரில் ஒரு தேக்கரண்டி பவுடரைப் போடுக. உடனே நுரைத்துப் பொங்கினால் நல்ல சரக்கு. சோம்பலாக நாலைந்து குமிழி விட்டால் விற்கத் தகாதது. ஆப்ப சோடாவாயின் எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பார்க்க.

வீட்டுக்கு ஒரு பஹுலு

முட்டை 4, சீனி 150 கிராம், மைதா 150 கிராம், பவுடர் அரைத் தேக்கரண்டி. மாவை வெறும் சட்டியில் சிறு தீயில் வறுத்து, ஆறவைத்துச் சலிக்க வேண்டும். மாவின் ஈரத்தைப் போக்கும் இவ்வழக்கம் இந்நாட்டுத் தாய்மார்களின் அனுபவ அறிவு. முட்டையையும் சீனியையும் வெளுத்துத் தடித்து, தூக்கினால் நாடாபோல் விழும்வரை அடித்து, மாவையும் பவுடரையும் மெதுவாகக் கலக்குக. எண்ணெய் தடவிச் சூடேற்றிய அச்சில் முக்கால் பாகம் ஊற்றி, 200 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் அளவில் சுடுக. அச்சில்லாதவர் குழிப்பணியாரச் சட்டியில் மூடிவைத்துச் சிறு தீயில் வேகவிடலாம். மேற்புறம் சிவக்காது, அவ்வளவே.

கடைக்காரர் கவனத்திற்கு

1. முதலில் வந்த சரக்கை முதலில் விற்கவும். புதியதை முன்னே அடுக்கினால் பழையது மூலையில் கிடந்து கெடும்.

2. பெரிய டப்பாவைப் பிரித்துச் சிறு பொட்டலமாகக் கட்டுவோர், திறந்த தேதியையும் காலாவதித் தேதியையும் எழுதி வைக்கவும். ஈரக் கரண்டி கூடவே கூடாது.

3. மாவு மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்கவும். மண்ணெண்ணெய், சவர்க்காரம், மசாலா ஆகியவற்றின் வாடையை மாவு இழுத்துக்கொள்ளும்.

4. கொழுப்பு வகைகளிலும் வெனிலா எசன்சிலும் ஹலால் முத்திரையைப் பார்த்தே கொள்முதல் செய்யவும். சிலவற்றில் மிருகக் கொழுப்போ மதுசாரமோ இருக்கக்கூடும்.

5. ‘பாய், போன தடவை வாங்கின பவுடர் எழும்பவே இல்லை’ என்று ஒரு தாய் வந்து சொன்னால், வாதாடாமல் அவர் முன்னாலேயே சுடுநீரில் போட்டுப் பாருங்கள். குறை சரக்கில் இருந்தால் மாற்றிக் கொடுங்கள்.

தானியக் குவியலின் அடியில் மழை ஈரத்தை மறைத்து வைத்திருந்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். வாங்குபவர் கண்ணில் படும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே அவர்கள் கேட்டது. ஈரம் பட்ட பவுடர் டப்பாவும் அதே குவியல்தான். மூடியின் கீழே இருப்பதை வாங்குபவர் காண முடியாது, விற்பவர் சோதித்துக் காணலாம். இவ்வாண்டுப் பெருநாள் சரக்கு இறக்குமுன் ஒவ்வொருவரும் தம் கடை அலமாரியில் உள்ள பழைய டப்பாக்களைச் சுடுநீரில் சோதித்து, வலுவிழந்தவற்றை அப்புறப்படுத்துவார்களாக.