எந்தப் பாட்டைப் போட்டுப் பார்ப்பது?

ஸ்டீரியோ வாங்கச் செல்கிறவர்கள் விலை என்ன, எத்தனை வாட், ஒலிப்பெட்டி எவ்வளவு பெரியது என்றெல்லாம் விசாரிப்பார்கள். எந்த இசையைப் போட்டுச் சோதிப்பது என்பதை மட்டும் கடைக்காரரிடமே விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் விட்டேன். அதனால் பட்ட தொல்லையும் அதன்வழி படித்த இயற்பியலுமே இக்கட்டுரை.

என் சித்தப்பா முப்பது ஆண்டுகள் பஜனைக் குழுவில் மிருதங்கம் வாசித்தவர். பக்கவாதத்தால் வலக்கை விழுந்த பிறகு, வீட்டில் இருந்தபடியே நல்ல மிருதங்கம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பணி ஓய்வில் வந்த பணத்தை எடுத்துக் கொடுத்து, "பிசிக்ஸ் படிக்கிறியே, நீயே பார்த்து வாங்கிட்டு வாடா" என்றார்.

கடையில் இரண்டு செட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். புதிய திரைப்பாடல் ஒன்று, தரையே அதிர்ந்தது. அதிகம் அதிர்ந்ததை வாங்கி வந்தேன். மாலையில் ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டோம். சித்தப்பா இரண்டு நிமிடம் கேட்டார். "தொப்பி மட்டுந்தான் பேசுது. வலந்தலை எங்கேடா?" என்றார். செட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் மறுத்துவிட்டார்.

என் செவி ஏமாந்தது எவ்வாறு? 1933இல் பிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒலி குறைவாக இருக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்கள் நம் காதுக்கு மிகவும் மங்கிவிடும் என்றும், ஒலியைக் கூட்டக் கூட அவை மேலெழும் என்றும் காட்டினார்கள். ஆகவே இரண்டு செட்டுகளில் எதைச் சற்று உரக்க வைத்தாலும் அதுவே 'நிறைவாக' ஒலிப்பதுபோல் தோன்றும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவர வேண்டும். கடையில் இதை யாரும் செய்யவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இன்னொரு பிழை பாட்டைப் பற்றியது. மின்கருவியில் உண்டாக்கிய தாள ஒலி உண்மையில் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? செட் எப்படிக் கொடுத்தாலும் சரியென்றே படும். மிருதங்கத்துக்குச் சாட்சி நம் காதிலேயே உண்டு. சாதாரண முரசின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. வலந்தலையில் பூசிய கருஞ்சாந்து அவற்றை முழு எண் மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. அதனால்தான் அது சுருதியோடு பேசுகிறது. சர் சி. வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார். எங்கள் விரிவுரையாளர் இதை எடுத்துச் சொன்னபோதுதான் சித்தப்பாவின் கேள்வி எனக்குப் புரிந்தது. மேற்சுரங்கள் அமுங்கினால் மிருதங்கம் பீப்பாயாகிவிடும்.

மறுபடி சோதிக்க உட்கார்ந்தேன். முதலில் பழைய மோனோ ஒலிப்பதிவு ஒன்று. பாடகரின் குரல் இரு பெட்டிகளுக்கும் நட்டநடுவிலிருந்து வர வேண்டும். இடமில்லாமல் பரவினால் ஒரு பெட்டியின் கம்பிகள் மாறியிருக்கலாம். இதில் என் செட் தேறியது. அடுத்து வெறும் தம்புரா. ஜீவா நூல் எழுப்பும் அந்த ரீங்காரம் மின்விசிறி இரைச்சலைப் போலக் கேட்டது. ஆக, குறை மேல் அதிர்வெண்களில்! இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) இசைத்தொகுப்பில் வயலின் கூட்டமும் மெருகிழந்து நின்றது. (பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று நின்றதன் நியாயம் அன்று எனக்கு விளங்கியது.)

பிறகுதான் கவனித்தேன். கடைக்காரர் பேஸ் திருகை முழுதும் திருகி வைத்திருந்தார். நானோ பெட்டிகளை அறையின் இரு மூலைகளில் ஒட்டி வைத்திருந்தேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அத்தகைய அலை பெட்டியின் பின்புறமும் பரவும். மூலைச் சுவர்கள் அதைத் திருப்பியனுப்பி மேலும் பெருக்கும். அந்த முழக்கம் மற்றவற்றை மூடிவிட்டது. பெட்டிகளை இரண்டடி முன்னே இழுத்து, திருகை நடுவில் வைத்து, அதே தனி ஆவர்த்தனத்தை மீண்டும் போட்டேன்.

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். இடக்கை முழங்காலில் தாளம் போட்டது. "சாப்பு கேக்குது. மீட்டு இன்னும் கொஞ்சம் அமுங்கியிருக்குடா" என்றார். பிறகு, "அடுத்த தடவை என்னையும் கடைக்குக் கூட்டிப் போ" என்றார்.