பந்தடித் தெருவுக்குக் குடிபோகும் மருமகனுக்கு



மேலூரிலிருந்து மதுரைக்கு மாற்றலாகிவிட்டது என்றும், திருமலை நாயக்கர் மகாலை அடுத்த பந்தடித் தெருவில் வாடகைக்கு ஒரு வீடு அமைந்திருக்கிறது என்றும், அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகள் தமக்கென்று தனி மொழியுள்ள சௌராஷ்டிரர்களுடையவையாக இருப்பதால் உன் மனைவியும் குழந்தைகளும் பேச்சுத்துணை இல்லாமல் தனித்துப்போய்விடுவார்களோ என்று யோசனையாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். உன்னோடு கல்லூரியில் படித்தவன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக்குக் குடும்பத்தோடு போய், மார்மன் சமயத்தார் நிறைந்த ஊரில் வீடு பிடித்துவிட்டு, ஏறக்குறைய இதே கவலையை உனக்கு எழுதியிருப்பதையும் குறிப்பிட்டிருந்தாய். இருவருக்கும் ஒரே புத்திமதி போதும் என்று நீ நினைப்பதாகத் தெரிகிறது. போதாது என்பது என் அபிப்பிராயம்.

யூட்டாவின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜோசப் ஸ்மித் தொடங்கிய அந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்கள் போன இடமெல்லாம் பகையைச் சம்பாதித்துக்கொண்டு, 1844-இல் இல்லினாய் மாநிலத்தில் அவரை ஒரு கும்பல் கொன்ற பிறகு, பிரிகாம் யங்கின் தலைமையில் மேற்கே புறப்பட்டு, 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்து, அந்த வறண்ட நிலத்தில் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்து ஊர் கண்டவர்கள். மதுவும் புகையிலையும் மட்டுமன்றிக் காப்பியும் தேநீரும் கூட அவர்களுக்கு விலக்கு. இவையெல்லாம் அயலாருக்குப் பெரிய இடைஞ்சல் அல்ல. இடைஞ்சல் வேறோரிடத்தில் இருக்கிறது: அந்தச் சமயத்தின் கதவு எவருக்கும் திறக்கும். ஞானஸ்நானம் பெற்றவன் உள்ளே சேர்ந்தவனாகிறான். அவர்களுடைய இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளை ஒதுக்கி, ஊர் ஊராகப் போய்ப் பிறரை அழைத்துவருவதையே கடமையாகக் கொள்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டம்மாள் பண்டம் கொண்டுவந்து நீட்டும்போது அது வெறும் சிநேகமா, சிநேகத்தோடு ஓர் எதிர்பார்ப்பும் கலந்ததா என்று குடிவந்தவனுக்கு விளங்குவதில்லை. வேறு யோசனை எதுவும் இல்லாமல் நல்ல அயலாராக மட்டும் வாழ்கிறவர்கள் அங்கே ஏராளமாக இருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், தன் மதத்திலேயே தான் நிற்கப்போவதை முதல் மாதத்திலேயே பணிவாகவும் தெளிவாகவும் உன் நண்பன் சொல்லிவிடுவது இரு தரப்பாருக்கும் நல்லது.

உன் நிலைமை இதற்கு நேர்மாறானது. நீ குடிபோகும் தெருவில் உன்னை யாரும் தம்மவனாக ஆக்கிக்கொள்ள முயலப்போவதில்லை. முயன்றாலும் முடியாது, ஏனென்றால் அங்கே உள்ளே போகும் வழி பிறப்பு ஒன்றுதான். இதைக் கேட்டதும் உனக்கு மனம் சோரலாம். எனக்கோ இதில் ஒரு நிம்மதி தெரிகிறது. உன் வீட்டுக்கு வரும் கிண்ணத்துக்குப் பின்னால் எந்த உத்தேசமும் இராது. அவர்கள் காட்டும் அந்நியோந்நியத்தை அப்படியே பெற்றுக்கொள்ளலாம். அதற்கு அப்பால் உறவுமுறை கொண்டாட எதிர்பார்க்காமல் இருந்தால் வருத்தத்துக்கு இடமே இல்லை.

அவர்களைப் பற்றி இரண்டொரு செய்திகள் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, கூர்ச்சரத்து இலாட தேசத்துப் பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று, அரசனுடைய குணத்தைக் கேள்வியுற்று, பிள்ளைகுட்டிகளோடும் சுற்றத்தாரோடும் பெயர்ந்துபோய்த் தசபுரம் என்ற அந்த ஊரில் குடியேறிச் சூரியனுக்குக் கோயில் எடுத்ததை வத்ஸபட்டி என்ற கவியின் சமஸ்கிருதச் செய்யுளில் கூறுகிறது. அந்த நெசவாளரே நம் மதுரைச் சௌராஷ்டிரரின் மூதாதையர் என்று சமூகத்தார் நம்புகிறார்கள். ஆராய்ச்சிக்காரர் அவ்வளவு துணிந்து சொல்வதில்லை. ஆனால் குடும்பத்தோடு ஊர் பெயரும் நெசவாளரைப் பற்றிய அத்தனை பழைய சாசனம் நம் நாட்டில் வேறு அதிகம் இல்லை என்பதாலும், அவர்களில் சிலர் தறியை விட்டு வில்வித்தைக்கும் சோதிடத்துக்கும் கதைசொல்லுதலுக்கும் போய்விட்டார்கள் என்ற செய்தியையும் அது ஒளிக்காமல் சொல்வதாலும், நீ ஒருமுறை அதன் மொழிபெயர்ப்பைத் தேடிப் படி. கூர்ச்சரத்திலிருந்து தேவகிரி, அங்கிருந்து விஜயநகரம், விஜயநகரம் வீழ்ந்தபின் தெற்கே நாயக்கர் சீமை என்று அவர்களுடைய பரம்பரைக் கதை வழி சொல்கிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், அரண்மனைக்கு வேண்டிய பட்டுக்காக அவர்களை மகாலைச் சுற்றிக் குடியமர்த்தினார் என்பது மதுரையில் எல்லாரும் சொல்வது. தெருக்களின் இருப்பே அதற்குச் சாட்சி.

வந்த இடத்தில் அவர்களுக்கும் எல்லாம் சுகமாக அமைந்துவிடவில்லை. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் காலத்தில், பிராமணர் பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டச் சடங்கு செய்ததற்காக அவர்களில் 18 பேர் பிடித்துவைக்கப்பட்டு, அந்த உரிமை அவர்களுக்கு உண்டா என்று பண்டிதர்கள் கூடி விசாரித்து, கடைசியில் அரசி அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தாள். ஊருக்கு அந்நியராக நின்று ஊராரின் கேள்விக்குப் பதில் சொன்ன அனுபவம் அந்தச் சமூகத்துக்கு நிறைய உண்டு. 1886-இல் தமக்கென்று பள்ளிக்கூடமும், 1895-இல் சௌராஷ்டிர சபையும் அவர்கள் ஏற்படுத்திக்கொண்டதை வெறும் சாதிப்பற்று என்று தள்ளிவிடுகிறவர்கள், வேறு எந்த வாசலும் எளிதில் திறக்காத காலத்தில் ஒரு நெசவாளர் கூட்டம் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது எல்லா வகுப்புப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். உன் மூத்தவனை அங்கே சேர்ப்பதாயின் எனக்குச் சம்மதமே.

இனி, தினப்படி வாழ்க்கை. அவர்கள் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசுவார்கள். மளிகைக் கடையில் நீ நிற்கும்போதே கடைக்காரரும் இன்னொருவரும் அந்தப் பாஷையில் கால் மணி நேரம் சம்பாஷித்துவிட்டு, உன் பக்கம் திரும்பியதும் சுத்தமான மதுரைத் தமிழில் 'என்ன வேணும்' என்பார்கள். உன்னைப் பற்றித்தான் ஏதோ பேசினார்கள் என்று உன் மனைவி நினைப்பாள். முதல் வாரம் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் பேசிக்கொண்டது யார் வீட்டுப் பெண், எந்தக் கோத்திரம், எந்தக் குடும்பப் பெயர் என்பதாகத்தான் இருக்கும். குடும்பப் பெயரைச் சொன்னவுடன் உறவைக் கண்டுபிடித்துவிடும் சாமர்த்தியம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பெயர் தலைப்பெழுத்திலும் ஏறிவிடும். இந்த மதுரையில் பிறந்த பாடகர் டி. எம். சௌந்தரராஜனின் பெயர் முன்னால் நிற்கும் முதல் எழுத்து, தொகுளுவா என்ற குடும்பப் பெயரினுடையது.

அவர் பெயரை எடுத்ததில் ஒரு காரணம் இருக்கிறது. 'நீங்கள் தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே' என்று பக்கத்து வீட்டாரிடம் மறந்தும் சொல்லிவிடாதே. புகழ்ச்சி என்று எண்ணித்தான் பலர் இதைச் சொல்கிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே சாம்பலானவர்களிடம் சொல்லத்தக்க வார்த்தை அது அன்று. தமிழ்ச் சொல்லை எப்படித் திருத்தமாக உச்சரிப்பது என்று தமிழ்நாட்டுக்கே பாடிக் காட்டியவரின் வீட்டுப் பாஷை சௌராஷ்டிரம். அதேபோல், பட்டுநூல்காரர் என்ற பழைய பெயரை நம் பக்கத்தார் கேலியாகப் பிரயோகிப்பதுண்டு. உன் பிள்ளைகள் வாயில் அது வராமல் பார்த்துக்கொள்.

ஆகாரத்தைப் பற்றி நீ கேட்டிருந்தாய். நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பது வழக்கம். அவர்களிலோ புலாலைத் தொடாதவர்களும் உண்டு, உண்பவர்களும் உண்டு. வீட்டுக்கு வீடு வேறுபடும். உன் வீட்டுக்காரர் எந்த வகை என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள். சைவம் மட்டும் என்று அவர் நிபந்தனை விதித்து, நீயும் ஒப்புக்கொண்டாயானால், கதவைச் சாத்திக்கொண்டு சமைத்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஒட்டிக் கட்டிய வீடுகளில் மசாலா வாசனைக்குச் சுவர் ஒரு தடையா? மதுரையில் கறிச்சோற்றுக்குப் பஞ்சம் இல்லை. வெளியே போய்ச் சாப்பிட்டுக்கொள். ஆனால் அடுப்பில் ஏறுவதைக் கேட்பது வேறு, சாதியைக் கேட்டு வீட்டை மறுப்பது வேறு. முதலாவது வீட்டுச் சொந்தக்காரரின் உரிமை என்று நான் ஏற்கிறேன். இரண்டாவதை எந்தத் தெருவிலும் நியாயம் என்று சொல்லமாட்டேன். அது சௌராஷ்டிரருக்கு மட்டும் உரிய குற்றமும் அன்று. மேலூரில் நம் சொந்தக்காரர்கள் வீடு வாடகைக்கு விடும்போது முதலில் கேட்கும் கேள்வி என்ன என்பது உனக்கே தெரியும்.

நான் உத்தியோகத்தில் இருந்த நாளில் லட்சுமிபுரத்தில் ஒரு சௌராஷ்டிரர் வீட்டு மாடியில் குடியிருந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. நீ அப்போது சிறு பிள்ளை. கீழ் வீட்டுப் பாட்டி மத்தியான வேளைகளில் வாசல் நடையில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். வெள்ளைத் துணியில் இட்டிருக்கும் புள்ளியை இடக்கை நகத்தால் கிள்ளித் தூக்கி, அந்தக் கடுகளவு நுனியில் நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார். பேச்சும் நிற்காது, கையும் நிற்காது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் தோய்த்துக் காயவைத்த பிறகு துணியின் இரு தலைப்பையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், முடிச்சுக்கள் படபடவென்று தெறித்து, சாயம் ஏறாத இடங்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். உன் அத்தைக்கு அதைக் கற்றுக்கொள்ள ஆசை. பாட்டி பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பழைய வேட்டித் துண்டைக் கொடுத்து, கிள்ளும் விதத்தைப் பொறுமையாகக் கற்பித்தார். ஆனால் கூலிக்கு வாங்கிய சேலையில் ஒரு விரலையும் வைக்கவிடவில்லை. ஒரு முடிச்சு தளர்ந்தால் அதற்குள் சாயம் புகுந்துவிடும், கூலி போய்விடும். உன் அத்தை அதற்காக முகம் கோணவில்லை. பாட்டியின் பேத்தி கல்யாணத்தில் எங்களை முதல் பந்தியில் உட்காரவைத்து உபசரித்ததும், சடங்குகளில் அவர்கள் வீட்டுப் பெண்டிர் மட்டும் கூடியபோது நாங்கள் மண்டபத்தின் பின்வரிசைக்கு வந்துவிட்டதும், நெருக்கமும் எல்லையும் கலந்த இதே வகையைச் சேர்ந்தவைதாம்.

இப்போது கையால் முடிச்சுப் போடுவோர் வெகு சிலரே. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தும், அச்சுப் புள்ளி போட்ட மலிவுச் சேலைதான் கடைகளில் குவிகிறது. தறிகள் பலவும் பழைய தெருக்களை விட்டுவிட்டன. ஆதலால் நெசவுத் தெரு ஒன்றைக் காணப்போகிறோம் என்ற கற்பனையோடு போகாதே. டாக்டரும் கணக்காயரும் ஜவுளி வியாபாரியும் ஆசிரியரும் வாழும் தெரு அது.

உன் அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் விசாரம். குழந்தைகள் தெருவில் பந்தடித்தே ஒரு வருஷத்துக்குள் அந்தப் பாஷையைப் பிடித்துக்கொள்வார்கள். உனக்கு ஆபீஸ் இருக்கிறது. உன் மனைவிக்கு, மாலையில் முள்ளு முருங்கை வடை விற்கும் இடத்திலேயே நாலு பேர் சிநேகமாகிவிடுவார்கள். வயதானவளுக்குக் கோயில்தான் வழி. தெற்கு மாசி வீதியில் தெற்குக் கிருஷ்ணன் கோவில் என்று வழங்கும் பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் கோயில் சௌராஷ்டிர சபையின் நிர்வாகத்தில் இருப்பது. யாரும் போய்ச் சேவிக்கலாம். வந்த வாரத்திலேயே அவளை அங்கே அழைத்துப் போ. 1914-இல் வைகுண்ட ஏகாதசியன்று சமாதியடைந்த நடனகோபால நாயகி சுவாமிகளின் கீர்த்தனங்களை, மார்கழி மாதத்து வைகறையில் பஜனை கோஷ்டியார் பாடிக்கொண்டு வருவார்கள். சுவாமிகள் சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடியவர். முதல் நாள் உறக்கம் கெட்டது என்று முணுமுணுக்காமல், அம்மாவை வாசலில் நிற்கச் சொல். மேலூர்ப் பஜனை மடத்தில் பாடிப் பழகிய குரல் அது. தமிழ்ப் பாட்டு வரும்போது தானே சேர்ந்துகொள்வாள்.

உன் நண்பனுக்கும் ஒரு வரி எழுது. ஜூலை 24-ஆம் தேதி, முன்னோர் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த நாளை யூட்டாவில் ஊர்வலத்தோடு கொண்டாடுவார்கள். அது மாநில விடுமுறை. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதற்கு யாரும் ஞானஸ்நானம் கேட்கமாட்டார்கள்.

ஆடி பிறந்துவிட்டால் உன் அம்மா குடிபுக ஒப்பமாட்டாள். ஆனி முடிவதற்குள் நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிடு. அன்று இரு பக்கத்து வீட்டாரையும் எதிர் வீட்டாரையும் நீயும் உன் மனைவியும் நேரில் போய் அழையுங்கள். பிள்ளைகளை அனுப்பிச் சொல்லிவிடுவது மரியாதை ஆகாது. தண்ணீர் எந்த வேளையில் வருகிறது, மாடிக் குழாய்க்கு ஏறுகிறதா என்பதைக் குடியிருந்து காலி செய்தவரிடமே விசாரி. முன்பணத்துக்கு ரசீது வாங்காமல் சாவியை வாங்காதே.

இப்படிக்கு,
உன் மாமா