நாமக்கல் கோட்டைக்கு ஒலிவழிகாட்டி எழுதப் போகிறவளுக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

உங்கள் பள்ளித் தொன்மை மன்றம் நாமக்கல் கோட்டைக்கு ஓர் ஒலிவழிகாட்டி தயாரிக்கப் போகிறது, வாசகம் எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். ரோம் நகரத்து இடிபாடுகளில் ஆட்கள் கைபேசியில் பதிவை ஓடவிட்டு, காதில் இயர்போனோடு தங்கள் பாட்டுக்கு நடந்துபோகும் காணொளியையும் அனுப்பி, நம்ம ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டாமா என்று கேட்டிருந்தாய். வேண்டும்தான். ஆனால் அந்தக் காணொளியில் வரும் குரலைப் பின்பற்றி எழுதாதே. இனிமையான குரல், தெளிவான உச்சரிப்பு, எதிலும் தயக்கமே கிடையாது. அந்தத் தயக்கமின்மைதான் கோளாறு. ஒலிவழிகாட்டி ஒரு செய்தியைச் சொன்னால், அது எப்படித் தெரியவந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. புத்தகத்தில் இதை விட்டுவிட்டால்கூடப் பெரிய மோசமில்லை. படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார், இன்னொரு புத்தகத்தோடு ஒப்பிடுவார். இடிபாட்டின் முன்னால் வெயிலில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. கண் கல்லின் மேல் இருக்கிறது, குரல் காதுக்குள் இருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் எழுதிய வாசகம் கல்லே சொன்ன சாட்சியம்போல மனத்தில் பதிந்துவிடுகிறது.

ஒலிவழிகாட்டியை 1952இலேயே ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் பயன்படுத்தினார்கள். சிற்றலை வானொலியில் ஒரே பதிவை ஒலிபரப்புவார்கள். கருவியைக் காதில் வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளின் முன்னால் நின்று, ஒரே நேரத்தில் அடுத்ததற்கு நகர்வார்கள். பிறகு கேசட் வந்தது, எண்ணை அழுத்திக் கேட்கும் கருவி வந்தது, இப்போது கைபேசி. இத்தனை மாற்றத்திலும் கேட்பவருக்குக் கிடைத்த உண்மையான லாபம் ஒன்றுதான்: வேண்டிய இடத்தில் நிறுத்தி வைக்கலாம். ஆனால் கூட வரும் வழிகாட்டியிடம் செய்யக்கூடிய ஒன்றைப் பதிவிடம் செய்ய முடியாது. "இதை இன்னாருதான் கட்டுனாருன்னு எப்படிங்க சொல்றீங்க?" என்று கேட்டால் ஆள் பதில் சொல்வார், இல்லையென்றால் மழுப்புவார், மழுப்புவதும் ஒரு தகவல்தான். பதிவு மழுப்பாது, பதிலும் சொல்லாது. ஆகவே கேட்க முடியாத அந்தக் கேள்விக்கான பதிலை வாசகம் எழுதும்போதே நீ உள்ளே வைத்தாக வேண்டும்.

ரோமானிய இடிபாடுகளிலேயே அதிகம் பேர் பார்க்கும் ஊர்களில் ஒன்றான பாம்பெயியை எடுத்துக்கொள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து அந்த ஊரைப் புதைத்தது. நாள் ஆகஸ்டு 24 என்றே நெடுங்காலம் பார்வையாளர்களுக்குச் சொல்லி வந்தார்கள். அதற்கு ஆதாரம், வெடிப்பை இளவயதில் கண்ட இளைய பிளினி, பல ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் டாசிட்டசுக்கு எழுதிய கடிதம். அந்தக் கடிதத்தின் மூலப்படி கிடைக்கவில்லை. பிற்காலத்தில் படியெடுத்த பிரதிகள்தான் கிடைத்தன, அவற்றிலும் தேதி ஒன்றுபோல் இல்லை. இலையுதிர் காலத்துப் பழங்கள் இடிபாட்டில் கிடைக்கின்றனவே என்று சிலர் முன்பே சந்தேகப்பட்டிருந்தார்கள். 2018இல், புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் சுவரில் கரித்துண்டால் கிறுக்கிய வரி ஒன்று வெளிப்பட்டது. அதிலிருந்த தேதி அக்டோபர் 17. கரி எழுத்து சுவரில் நெடுநாள் தங்காது, ஆகவே வெடிப்புக்குச் சற்று முன்னால்தான் எழுதியிருக்க வேண்டும் என்பது அகழ்ந்தவர்களின் வாதம். அந்த வரியில் ஆண்டு இல்லை என்பதால் இதையும் முடிந்த முடிவென்று சொல்ல முடியாது. இதைவிடக் கூர்மையான உதாரணம் ஒன்று உண்டு. சாம்பலில் புதைந்த உடல்கள் அழிந்தபின் எஞ்சிய வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி, இறந்தவர்களின் வடிவத்தை எடுக்கும் முறையை 1863இல் ஜுசெப்பே ஃபியோரெல்லி கையாண்டார். பின்னால் அந்த முறையில் எடுத்த ஒரு வடிவத்தில், கையில் தங்கக் காப்பணிந்த ஒருவர் மேல் ஒரு குழந்தை இருந்தது. காப்பு இருக்கிறது, குழந்தை இருக்கிறது, ஆகவே தாயும் பிள்ளையும் என்று எல்லோரும் சொன்னார்கள், கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். 2024இல் வெளியான மரபணு ஆய்வு, காப்பணிந்தவர் ஆண் என்றும், அந்தக் குழந்தைக்கு உறவே இல்லாதவர் என்றும் காட்டியது. தவறாக ஊகித்ததை நான் குறையாகச் சொல்லவில்லை, ஊகிக்காமல் எந்த ஆராய்ச்சியும் நகராது. ஊகித்ததைக் கண்டதுபோலச் சொன்னார்களே, அங்கேதான் பிசகு.

நம் பக்கத்தில் ரோமானிய இடிபாடு என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அரிக்கமேட்டைத்தான் சொல்வார்கள், பாண்டிச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். 1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த வகைச் செந்நிறக் கலங்களின் துண்டுகளும், மது வந்திறங்கிய ஆம்போராச் சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. அரெஸ்ஸோக் கலங்களின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் பானைகளுக்கும் அவரால் காலம் குறிக்க முடிந்தது. அருமையான முறை, அதில் சந்தேகமில்லை. ஆனால் சும்மா கிடந்த மீனவர் கிராமம் ரோமானிய வணிகம் வந்து தொட்டதும் விழித்துக்கொண்டது என்பதுபோன்ற ஒரு கதையும் அதோடு சேர்ந்து பரவியது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு, ரோமானியப் பொருள் வருவதற்கு முன்பே ஊர் இருந்தது, அந்த வணிகம் தேய்ந்த பிறகும் இருந்தது என்று காட்டியது. உட்புறத்தில் சின்னச் சின்னக் கீறல்கள் வட்டமாக ஓடும் ரௌலட்டட் வகைத் தட்டுகளை வீலர் மத்தியதரைக் கடல் சரக்கு என்று நினைத்தார். பிறகு களிமண்ணை ஆராய்ந்தவர்கள், அவை இந்தியாவிலேயே செய்தவை என்றார்கள். இன்று அங்கே போகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது என்ன தெரியுமா? செங்கல் தூண்கள். அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய கட்டடத்தின் மிச்சம். வீலர் தோண்டிக் கண்ட சுவர்களோ திரும்ப மண்ணுக்குள் மூடிக் கிடக்கின்றன. காதில் "இது பண்டைய ரோமானிய வணிகத்தலம்" என்று ஒரு குரல் சொல்ல, கண் தானாகவே அந்தத் தூண்களைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். வாசகத்தில் ஒரு பொய்கூட இருக்காது, கேட்டவர் மட்டும் தவறான படத்தோடு வீடு திரும்புவார்.

இனி நம் மலைக்கு வா. நாமக்கல்லின் அதிசயம் என்று நான் சொல்வது, 200 அடிக்கு மேல் எழும்பி நிற்கும் ஒரே பாறையில், தெரிந்துகொள்வதன் பல வகைகள் பக்கம் பக்கமாக இருப்பதைத்தான். கிழக்கே அரங்கநாதர் குடைவரை, மேற்கே நரசிம்மர் குடைவரை. அரங்கநாதர் குடைவரையில் கிரந்த எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதியர் குலத்துக் குணசீலன் பெயரையும், அதியேந்திர விஷ்ணுகிருகம் என்ற கோயில் பெயரையும் அது சொல்கிறது. குடைந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள். காலம் எழுத்தின் வடிவையும் சிற்பத்தின் பாணியையும் கொண்டு சொல்வது. 8ஆம் நூற்றாண்டு என்பது பரவலான கருத்து. ஆக ஒரே குகையில் பெயர் படித்துத் தெரிந்தது, காலம் கணித்துத் தெரிந்தது. உச்சியில் இருக்கும் கோட்டைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் கட்டினார் என்று ஒரு வழக்கு, மைசூர் அதிகாரி ஒருவர் கட்டினார் என்று இன்னொரு வழக்கு. ஊரில் யாரைக் கேட்டாலும் திப்பு சுல்தான் கோட்டை என்பார்கள். இங்கே சுவரைப் பார்க்கச் சொல். மேல்விளிம்பில் துப்பாக்கியை நீட்டிச் சுடுவதற்கென்று விட்ட துளைகள் இருக்கின்றன. துப்பாக்கி புழக்கத்துக்கு வந்தபின் எழுந்த சுவர் என்பது அதிலிருந்தே தெரிந்துபோகிறது. கீழே குடைந்த அதியர் காலத்துக்கு இதைக் கொண்டுபோக முடியாது. நாயக்கரா, மைசூராரா என்பதை அந்தத் துளை தீர்த்து வைக்காது. 1768இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடித்ததும், சில மாதங்களில் ஹைதர் அலி மீட்டதும், 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் இந்தச் சீமை கம்பெனிக்குப் போனதும் எழுத்தில் உள்ளவை. கடைசியாகக் கையில் வைத்திருந்த பெரிய பெயர் கட்டடத்தின் மேல் ஒட்டிக்கொள்வது எங்கும் நடப்பது. திப்பு பெயர் அப்படித்தான் ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பார்த்தாயா, ஊகம் என்று சொல்லிவிட்டேன், வாக்கியம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அனுமன் கண்டகி நதியிலிருந்து கொண்டுவந்த சாளக்கிராமத்தைக் குளக்கரையில் வைத்தார், அது மலையாக வளர்ந்தது என்ற தலபுராணத்தை என்ன செய்வது என்று நீ கேட்பாய். அதை விட்டுவிட்டால் மேற்கூரை இல்லாமல் 18 அடி உயரத்தில் நரசிம்மரை நோக்கி நிற்கும் ஆஞ்சநேயரைப் பற்றி ஒன்றும் பேச முடியாது. தலபுராணம் இப்படிச் சொல்கிறது என்று முழுக்கதையையும் அழகாகச் சொல். அதைப் பாறையின் வரலாறாகவும் ஆக்காதே, கேலி தொனிக்கும்படியும் படிக்காதே. நம்புகிறவருக்கு அதில் குறைவில்லை, ஆராய்கிறவருக்கு இதில் இடைஞ்சலில்லை.

உன் குறிப்பில் உச்சியிலிருந்து தெற்கே பார்க்கும் இடத்துக்கு "ரோமானியர்கள் நடந்த மண்" என்று தலைப்பு வைத்திருக்கிறாய். அதை அடித்துவிடு. காவிரிக்கு அக்கரையில் கரூர், அங்கே அமராவதி மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்தன, ஆம்போரா உடைசல்களும் கிடைத்தன. நொய்யல் கரையில் கொடுமணலில் மணிக்கல் பட்டறைகளும் இரும்பு உருக்கிய தடயங்களும் கிடைத்தன. காசு வந்ததற்கு வணிகம் சாட்சி. ஆள் வந்தானா என்பதற்குக் காசு சாட்சியாகாது. காசு பத்துக் கை மாறி வரும். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இருந்தவர்களைக் காட்ட வேண்டுமென்றால் காவிரிக் கரையிலுள்ள நம் வேலூருக்கு எதிர்க்கரையில் புகலூர் ஆறுநாட்டார் மலை இருக்கிறது. யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமண முனிவருக்குக் கற்படுக்கை வெட்டித் தந்ததையும், சேர இரும்பொறை மரபில் மூன்று தலைமுறையின் பெயரையும் அங்கே பழைய தமிழி எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ரோமானியரை விருந்தாளியாக அழைத்துப் பெருமை தேட வேண்டிய நிலையில் இந்த வட்டாரம் இல்லை.

இப்படி எழுதினால் கேட்பவர் சலித்துக் காதிலிருந்து கழற்றிவிடுவார் என்று உன் தோழிகள் சொல்வார்கள். ஆதாரத்தைப் பட்டியலாக அடுக்கினால் கழற்றத்தான் செய்வார். ஆனால் துப்பறியும் கதையில் சுவை எங்கே இருக்கிறது? குற்றவாளியின் பெயரிலா, துப்பு ஒவ்வொன்றாய்ப் பொருந்தும் விதத்திலா? "திப்பு கட்டிய கோட்டை" என்பதை ஒரு தடவை கேட்டு மறந்துவிடலாம். "இந்தத் துளையைப் பாருங்கள், இதை வைத்து யாரை விலக்கலாம்?" என்பது வீட்டுக்குப் போனபிறகும் குடையும். இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: எல்லாவற்றையும் இப்படிச் சந்தேகத்தோடு சொன்னால், வரலாறே ஆளுக்கொரு அபிப்பிராயம் என்று சின்னப் பிள்ளைகள் நினைத்துவிட மாட்டார்களா? எப்படித் தெரியவந்தது என்று சொல்லாமல் விட்டால்தான் அப்படி நினைப்பார்கள். வீலரைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், எந்தத் துண்டு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று அவர் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்ததுதான். அவருடைய கணக்கைக் கொண்டே அவரைத் திருத்தினார்கள். குணசீலன் பெயரும் திப்பு பெயரும் ஒரே எடையில் நிற்கவில்லை என்பதைக் கேட்பவர் உணர்ந்துவிட்டால், ஆளுக்கொரு அபிப்பிராயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாக்கியத்துக்கு வாக்கியம் 'எனலாம்', 'போலும்' என்று இழுத்தால் யாராலும் கேட்க முடியாது. உறுதியானதை உறுதியாகச் சொல், ஐயமானதற்கு மட்டும் குரலைக் கொஞ்சம் நிதானப்படுத்து.

வேலைக்கு வருவோம், கண்ணு. அடிவாரத்திலேயே முழுக்கதையையும் கொட்டிவிடாதே. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் பார்க்க வேண்டியதைச் சொல், அதுவும் கையால் தொட்டுக் காட்டுவதுபோல: இடது பக்கச் சுவர், மேல்விளிம்பு, துளை. உடனே பதிவை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல். கண்டுகொண்ட பிறகுதான் பெயரும் ஆண்டும் வரட்டும். பாறையில் வெட்டிய படிகளில் ஏறும்போது எதுவும் பேசாதே, கவனம் காலில் இருக்க வேண்டிய நேரம் அது. பதிவை மேலே வைத்து எடுக்காதே, காற்றிரைச்சலில் பாதி போய்விடும்; வகுப்பறையில் கதவைச் சாத்திவிட்டு எடு. தொடக்கத்தில் எந்த ஆண்டு எந்த மாதம் பதிவு செய்தது என்று சொல்லிவிடு, பின்னால் வரும் மாணவர்கள் எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும். குடைவரைக்கும் கோட்டைச் சுவருக்கும் மட்டும் முதலில் வாசகம் எழுதி அடுத்த வாரம் அனுப்பு. ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். சத்தமாகப் படித்துக் கடிகாரம் பார்த்துவிட்டே அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா