சொந்த வலைத்தளம்: கையால் கட்டி, கைக்குள் வைத்துக்கொள்ளும் வழி

1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், யார் கேட்டாலும் இணையத்தில் ஒரு வீட்டுப்பக்கம் வைத்துக்கொள்ள இலவசமாக இடம் கொடுத்தது. பூனை வளர்ப்பவர், ரயில் படம் சேர்ப்பவர், பிடித்த நடிகரைக் கொண்டாடுபவர் என்று உலகமெங்கும் ஆட்கள் அங்கே குடியேறினார்கள். 1999-இல் யாஹூ அதை விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்கத் தளத்தை மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவும் இன்டர்நெட் ஆர்க்கைவும் முடிந்தவரை நகலெடுத்துக் காப்பாற்றின. மற்றவை போயே போய்விட்டன. தம் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அது பெரிய இழப்பில்லை. அதே கோப்புகளை இன்னோர் இடத்தில் ஏற்றிக்கொள்ள முடிந்தது.

சொந்தத் தளம் வைக்க விரும்புகிறவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதைத்தான்: உங்கள் தளம் என்பது உங்கள் கணினியில் இருக்கும் ஒரு ஃபோல்டர். இணையத்தில் தெரிவது அதன் பிரதி. கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்தே பிறக்கின்றன. நிரல் எழுதத் தெரிய வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு கணினியும் இரண்டு மூன்று மாலைகளும் போதும்.

படி 1: மூன்று பக்கங்களோடு தொடங்குங்கள்

பெரிய திட்டம் போட்டால் தளம் திறக்கவே திறக்காது. மூன்று பக்கங்கள் போதும். ஒன்று முகப்பு: நீங்கள் யார், இங்கே என்ன கிடைக்கும் என்று நான்கு வரி. இரண்டாவது நாட்குறிப்பு: அன்றாடம் கண்டதும் செய்ததும். மூன்றாவது ‘கண்டெடுத்தவை’: இணையத்தில் உங்களுக்குக் கிடைத்த நல்ல பக்கங்கள், படங்கள், பழைய ஆவணங்கள். சமையல், செடி, நாணயச் சேகரிப்பு என்று தனி ஆர்வம் இருந்தால் அதற்கு நான்காவது பக்கத்தைப் பிறகு சேர்க்கலாம்.

படி 2: ஃபோல்டரை ஒழுங்கு செய்யுங்கள்

கணினியில் ஒரு ஃபோல்டர், அதற்குள் படங்களுக்கு ஒன்று, நாட்குறிப்புக்கு ஆண்டுவாரியாக ஒவ்வொன்று. முகப்புக் கோப்புக்கு ‘இண்டெக்ஸ்’ (index.html) என்று பெயர் வைக்க வேண்டும். உங்கள் முகவரியை ஒருவர் தட்டினால் சர்வர் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

கோப்புப் பெயர்களில் இரண்டு விதிகளைக் கடைப்பிடியுங்கள். முதலாவது, எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது. பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுவதால் அங்கே அவை வேறு வேறு. வீட்டுக் கணினியில் தெரிந்த படம் தளத்தில் தெரியாமல் போவதற்கு அடிக்கடி இதுவே காரணம். இரண்டாவது, கோப்புப் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள். ‘அம்மா’ என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியாக நகலெடுத்து ஒட்டும்போது ஒரு பைட் மூன்று எழுத்தாக விரியும். ஆக, அந்த ஒரு சொல் 45 எழுத்து நீளமுள்ள புரியாத வரியாகிவிடும். பக்கத்தின் தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கட்டும். கோப்புப் பெயர் மட்டும் எளிய ஆங்கிலத்தில் போதும்.

வைத்த பெயரைப் பிறகு மாற்றாதீர்கள். யாரோ ஒருவர் உங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருப்பார். பெயர் மாறினால் அது அறுந்துவிடும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதை வலியுறுத்தித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

படி 3: முதல் பக்கத்தைக் கையால் எழுதுங்கள்

நோட்பேட் போன்ற எளிய உரைத்தொகுப்பியே போதும். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் நூற்றுக்கு மேற்பட்ட டேகுகள் (குறிச்சொற்கள்) உண்டு. உங்களுக்கு வேண்டியது ஏழெட்டுத்தான். பத்திக்கு ‘பி’, தலைப்புக்கு ‘ஹெச்1’, உள்தலைப்புக்கு ‘ஹெச்2’, லிங்குக்கு ‘ஏ’, படத்துக்கு ‘ஐஎம்ஜி’, பட்டியலுக்கு ‘யூஎல்’, ‘எல்ஐ’. இவற்றை எழுதும் சரியான முறையை மொஸில்லாவின் எம்டிஎன் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொன்றையும் எழுதியதும் சேமித்து, பிரவுசரில் திறந்து பாருங்கள். எழுதியது கண்ணெதிரே பக்கமாக விரியும்போது வரும் மகிழ்ச்சியே அடுத்த டேகைக் கற்க வைத்துவிடும்.

மூன்று அமைப்புகளை விட்டுவிடக் கூடாது. எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று அறிவியுங்கள். இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் குப்பைக் குறிகளாகத் தெரியக்கூடும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் அதைப் பார்த்தே தமிழ்க் குரலைத் தேர்கிறது. ‘வியூபோர்ட்’ என்ற வரியையும் சேருங்கள். அது இல்லாவிட்டால் கைபேசியில் எழுத்து எறும்பளவு சுருங்கிவிடும்.

படி 4: தமிழ் படிக்கத் தோதாக இருக்கட்டும்

ஆங்கிலத்துக்காக வகுத்த வார்ப்புருக்களைத் தமிழுக்கு அப்படியே போட்டால் நெருக்கடி தெரியும். நம் எழுத்துகளுக்கு மேலே கொக்கிகளும் கீழே சுழிகளும் உண்டு. எனவே வரி இடைவெளியை எழுத்தளவைப் போல் 1.7 மடங்காக வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இருபக்கமும் சமமாக வெட்டினால் நடுவில் ஓட்டைகள் விழும், அதிலும் கைபேசியில் பார்க்கச் சகிக்காது. இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். தமிழில் சாய்வெழுத்து மரபில் இல்லை. பிரவுசர் எழுத்தைப் பிடித்துச் சாய்ப்பதால் வடிவம் கெடும். அழுத்தம் தர வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தைப் பயன்படுத்துங்கள். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது; ஒன்றும் குறிப்பிடாமல் விட்டாலும் இன்றைய கைபேசிகளும் கணினிகளும் தம்மிடமுள்ள தமிழ் எழுத்துருவில் ஒழுங்காகவே காட்டும்.

படி 5: இலவச இடத்தில் ஏற்றுங்கள்

ஜியோசிட்டீஸ் போன பிறகு அந்த உணர்வை மீட்கவே 2013-இல் கைல் டிரேக் நியோசிட்டீஸைத் தொடங்கினார். இலவசக் கணக்கில் 1 ஜிபி இடம், விளம்பரம் கிடையாது. கணக்குத் திறந்து, உங்கள் ஃபோல்டரில் இருப்பதை மவுஸால் இழுத்துப் போட்டால் தளம் தயார். கிட்ஹப் பேஜஸ் இன்னொரு வழி. கொஞ்சம் பழகியவர்களுக்கு ஏற்றது. சொந்த டொமைன் பெயர் இப்போதே வேண்டியதில்லை. பிறகு வாங்கும்போது முதலாண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், ஆண்டுதோறும் புதுப்பிக்க என்ன கட்டணம் என்று பாருங்கள்.

படங்களை அப்படியே ஏற்றாதீர்கள். கைபேசியில் எடுத்த படம் ஒன்றே மூன்று நான்கு எம்பி இருக்கும். அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைத்தால் பெரும்பாலும் 200 கேபி அளவில் அடங்கிவிடும்; அந்த அளவில் 1 ஜிபிக்குள் ஐயாயிரம் படங்கள் வைக்கலாம். சிக்னல் குறைந்த ஊரில் இருந்து பார்ப்பவரும் நன்றி சொல்வார்.

படி 6: அன்றாடத்தை எழுதுங்கள்

‘எழுத என்ன இருக்கிறது?’ என்று தயங்குகிறவர்களே அதிகம். பெரிய நிகழ்ச்சி தேவையில்லை, துல்லியம்தான் தேவை. ‘இன்று மார்க்கெட் போனேன், நன்றாக இருந்தது’ என்று எழுதினால் அடுத்த ஆண்டு உங்களுக்கே அது பயன்படாது. எந்தக் காய் எந்த விலை, வியாபாரி அதை எப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கொடுத்தார், வீட்டுக்கு வந்து என்ன சமைத்தீர்கள் என்று எழுதுங்கள். பழுதான மிக்ஸியைச் சரிசெய்த முறை, மாடித் தோட்டத்தில் கத்தரி காய்த்த மாதம், நூலகத்தில் கண்ட புத்தகம் எல்லாம் இங்கே இடம்பெறலாம். பத்து வரி போதும். தேதியை மறக்காமல் போடுங்கள், ஆண்டோடு போடுங்கள்.

எதை எழுதக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளி, சீருடை தெரியும் படம், அடுத்தவர் குடும்ப விஷயம் ஆகியவை வேண்டாம். வெளியூர்ப் பயணத்தைத் திரும்பி வந்தபின் எழுதுங்கள். கைபேசிப் படங்களுக்குள் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கலாம். ஏற்றும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

படி 7: கண்டெடுத்தவற்றைப் பதிந்து வையுங்கள்

இந்தப் பொழுதுபோக்கின் பாதிச் சுவை தேடலில்தான். பெரிய தேடுபொறிகளில் விற்பனைப் பக்கங்களே முன்னால் நிற்கும். வைபி என்ற தேடுபொறி பழைய பாணியில் கட்டப்பட்ட எளிய பக்கங்களை மட்டும் தேடித் தரும். மார்ஜினாலியா எழுத்து நிறைந்த, வணிகம் சாராத தளங்களுக்கு முன்னுரிமை தரும். நல்ல தளம் ஒன்று கிடைத்தால் அதில் ‘லிங்க்ஸ்’ பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் ரசித்துச் சேர்த்த பட்டியல் எந்தத் தேடுபொறியையும் விட நல்ல வழிகாட்டி.

இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்த வேபேக் மெஷின், மூடப்பட்ட தளங்களின் பழைய தோற்றத்தைக் காட்டும். அங்கே தமிழ்த் தேடல் தனிச் சுவை. யூனிகோட் பரவுவதற்கு முன் நம் தளங்கள் டிஸ்கி, டேப், பாமினி என்று வெவ்வேறு எழுத்துமுறைகளில் இருந்தன. அவற்றை இன்று திறந்தால் ஒரு தமிழெழுத்தும் தெரியாது. அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக இருக்கும். பிழையான பக்கம் என்று மூடிவிடாதீர்கள். அந்த வரிகளை நகலெடுத்து என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு, சரியான எழுத்துமுறையைத் தேர்ந்தால் இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிய தமிழ் முழுசாக எழுந்து வரும்.

கண்டதை வெறும் லிங்காகப் போடாதீர்கள். ‘மதுரைத் திட்டம்: அருமையான தளம்’ என்பது குறிப்பல்ல. ‘மதுரைத் திட்டம்: 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை இலவசமாகத் தரவிறக்கலாம். கம்பராமாயணப் பாடல் ஒன்றைச் சரிபார்க்கப் போய்க் கண்டது’ என்று எழுதுங்கள். என்ன, ஏன், எப்படிக் கிடைத்தது, எந்தத் தேதி என்ற நான்கும் இருந்தால், நாளை அந்த லிங்க் அறுந்தாலும் உங்கள் குறிப்பு பயன்படும். மிகவும் பிடித்த பக்கமென்றால் வேபேக் மெஷினில் உள்ள ‘சேவ் பேஜ் நவ்’ பெட்டியில் முகவரியை இட்டு ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பிறர் படத்தையோ எழுத்தையோ எடுத்துப் போடாமல் அவர் பக்கத்துக்கு வாசகரை அனுப்புங்கள்.

படி 8: அக்கம்பக்கத்தோடு பழகுங்கள்

தனித் தளக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள மூன்று பழைய வழிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. முதலாவது வெப்ரிங். ஒரே ஆர்வமுள்ள தளங்கள் வட்டமாக இணைந்து, ஒவ்வொன்றிலும் ‘முந்தையது’, ‘அடுத்தது’ என்ற லிங்குகளை வைக்கும். இரண்டாவது பொத்தான். 88 பிக்சல் அகலம், 31 பிக்சல் உயரம் என்பது 1990-களிலிருந்து மாறாத அளவு. உங்கள் தளத்துக்கு ஒன்று வரைந்து வையுங்கள், பிடித்தவர்களின் பொத்தானை உங்கள் பக்கத்தில் இடுங்கள். மூன்றாவது ஆர்எஸ்எஸ். புதிய பதிவுகளின் தலைப்பு, தேதி, முகவரி அடங்கிய சிறு கோப்பு அது; 1999-இல் நெட்ஸ்கேப்பில் பிறந்தது. அதைக் கையாலேயே எழுதலாம். வாசகர் தண்டர்பேர்ட், ஃபீட்லி போன்ற செயலியில் சேர்த்துக்கொண்டால், நீங்கள் எழுதியது நேரே அவரிடம் போகும். எதை முதலில் காட்டுவது என்று நடுவில் எந்த நிறுவனமும் தீர்மானிக்காது.

பிடித்த தளம் கண்டால் அதன் உரிமையாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். எந்தப் பக்கம் பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட தளங்களுக்கு வாசகர் குறைவு. அந்த இரண்டு வரி அவரை இன்னும் ஓராண்டு எழுத வைக்கும்.

படி 9: மாதம் ஒருமுறை பராமரிப்பு

மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஃபோல்டரை முழுதாக ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள், இன்னொரு பிரதியை ஆன்லைனில் சேமியுங்கள். லிங்குகளைச் சொடுக்கிப் பாருங்கள். அறுந்தவற்றுக்கு வேபேக் மெஷின் பிரதியை இடுங்கள். கைபேசியில் ஒருமுறை தளத்தைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல்லை நம்பகமான ஒருவருக்குத் தெரியும்படி எங்காவது எழுதி வையுங்கள். பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் தினமும் பார்க்காதீர்கள். எழுதும் கையைத் தளர்த்துவது அதுதான்.

இந்த முறையில் கட்டிய தளத்தை எந்த நிறுவனத்தாலும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது. சேவை மூடினால் வேறிடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். எளிய ஹெச்டிஎம்எல்லில் எழுதியதைப் பிரவுசர்கள் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் திறக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் உருவான உலகின் முதல் வலைத்தளத்தின் பிரதியை செர்ன் ஆய்வகம் இன்றும் பார்வைக்கு வைத்திருக்கிறது. அது உங்கள் கைபேசியிலும் திறக்கும்.

நம் தெரு, நம் சமையல், நம் ஊர்ப் பேச்சு பற்றி, சாதாரண மனிதர்கள் தம் கைப்பட எழுதிய தமிழ்ப் பக்கங்கள் இணையத்துக்கு இன்னும் ஏராளமாகத் தேவை. இன்றிரவே ஒரு ஃபோல்டரைத் திறந்து, ‘இண்டெக்ஸ்’ என்று ஒரு கோப்பைச் சேமித்து, இன்றைய தேதியைப் போட்டு முதல் பத்தியை எழுதுங்கள்.