துபாயும் சிங்கப்பூரும் ஒரே தூரம்தான்

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் காமராஜர் துறைமுகத்திலும் கான்ட்ராக்ட் வேலை பார்த்த வெல்டர், பிட்டர்களுக்கு வெளிநாட்டு அழைப்பு வருவது புதிதல்ல. சம்பளக் கணக்கைப் பத்து தடவை போட்டுப் பார்ப்பவர்கள் டிக்கெட்டை முழுதாகப் படிப்பதில்லை. முதல் வாரத் தொல்லைகள் பல அங்கேதான் தொடங்குகின்றன.

சென்னையிலிருந்து துபாய் வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். எதிர்த்திசையில் சிங்கப்பூரும் ஏறத்தாழ அதே 2,900. நேரடி விமானத்தில் இரண்டுக்கும் நாலேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு 10 மணிக்குக் கிளம்பினால் துபாயில் இறங்கும் நேரம் 12.45, சிங்கப்பூரில் விடியற்காலை 4.45. காரணம், துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கழித்துப் பார்த்து, துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம் என்று முடிவுகட்டாதீர்கள்.

சிங்கப்பூரில் இறங்கும்போது கடிகாரம் 4.45 காட்டினாலும் உடம்புக்கு அது நடுராத்திரி 2.15. அன்று காலையே உயரத்தில் ஏறி வெல்டிங் பிடிப்பது ஆபத்து. ஒரு நாள் ஓய்வு கேளுங்கள். வேலையில் சேரும் தேதி எழுதப்படும் முன்பே கேளுங்கள். துபாயிலிருந்து ஊர் திரும்பும்போது பயணம் கொஞ்சம் குறையும். மேலே மேற்கிலிருந்து வீசும் காற்று, குறிப்பாகக் குளிர்காலத்தில், விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும்.

தேதி விஷயத்தில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். 15ஆம் தேதி அதிகாலை 2 மணி விமானம் என்றால் 14ஆம் தேதி இரவு 11 மணிக்கு மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போனால் விமானம் அன்று அதிகாலையே போயிருக்கும்.

வீட்டிலிருந்து விமான நிலையம் வரையும் பயணம்தான். அத்திப்பட்டில் மின்சார ரயில் ஏறி விம்கோ நகரில் இறங்கினால், அங்கிருந்து மெட்ரோ நேராக விமான நிலையம் போகிறது. இரவு 11 மணியை ஒட்டி மெட்ரோ நின்றுவிடும். காலை 5 மணி வரை கிடையாது. நள்ளிரவு விமானமென்றால் மாலையிலேயே கிளம்பிவிடுங்கள். எண்ணூர் சாலையின் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே கார் பிடித்துப் போவதைவிட விமான நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பது மேல்.

இறங்கிய பிறகும் தூரம் மிச்சமிருக்கும். கத்தாரில் ராஸ் லஃபான் வேலையென்றால் தோஹாவிலிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும். கேம்ப் வரை வண்டி யார் அனுப்புவார்கள், ஓட்டுநர் எண் என்ன, டிக்கெட் செலவு யாருடையது? மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கிளம்பும் முன் பாஸ்போர்ட்டையும் பாருங்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா வேலைக்கு அந்த அனுமதி இல்லாவிட்டால் மீனம்பாக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏஜெண்டின் உரிமத்தை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட் கைக்கு வந்த அன்றே தேதியையும் நேரத்தையும் வீட்டில் இன்னொருவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். மாற்ற வேண்டியதிருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.