செயலியை நீக்கினால் சந்தா நிற்குமா?

கேள்வி: நான் வெள்ளானூரில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டர். பாட்டு கேட்கும் ஆப் ஒன்றில் என் பெயரில் ஃபேமிலி பிளான் எடுத்தேன். ஆறு பேர் வரை சேர்க்கலாம் என்றதால் நான், மனைவி, மகள் போக, பூந்தமல்லியில் இருக்கும் அக்கா, அக்கா மகன், ஆவடியில் இருக்கும் மச்சினன் மூவரையும் என் வீட்டு முகவரியிலேயே சேர்த்தேன். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் தருவதாகப் பேச்சு. மச்சினன் சில மாதங்களோடு நிறுத்திவிட்டார். பிறகு கம்பெனி கட்டணத்தை ஏற்றியது. ‘ஒரே முகவரியில் இல்லை’ என்று அக்காவையும் அவர் மகனையும் வெளியே தள்ளியது. வெறுத்துப்போய், போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளி சமயத்தில் ஆப்பையே போனிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கிறது. ஒருமுறை கஸ்டமர் கேர் சாட்டில் கேட்டேன். ஏதோ டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள், அதோடு சரி. எடுத்த பணம் முழுவதும் வட்டியோடு திரும்பக் கிடைக்குமா? பொய் முகவரி கொடுத்ததற்கு என் மேலேயே கேஸ் வரும் என்று மச்சினன் பயமுறுத்துகிறார். அது உண்மையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வெள்ளானூர்

பதில்: மூன்று பக்கக் கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரையும் நீக்கிவிட்டேன். எதிர்த்தரப்பைக் கேட்காமல் பெயர் போடுவது முறையல்ல.

கட்டண உயர்வு, அக்காவை நீக்கியது, மச்சினன் பாக்கி என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். வழக்கைத் தீர்மானிக்கப்போவது இவற்றில் எதுவும் இல்லை. உங்கள் கணக்கிலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த அனுமதியை எந்தத் தேதியில் ரத்து செய்தீர்கள், அதற்கு என்ன அத்தாட்சி? கேள்வி இது ஒன்றுதான்.

செயலியை போனிலிருந்து நீக்குவது ரத்து ஆகாது. சந்தா உங்கள் பெயரில் அந்த நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது; ஆட்டோபே ஆணை உங்கள் வங்கியில் இருக்கிறது. போனிலிருந்து ஆப் போனது இந்த இரண்டு பேருக்கும் தெரியாது. கேபிள்காரரிடம் சொல்லாமல் டி.வி.யை மட்டும் விற்றுவிட்டால் கேபிள் பில் நிற்குமா? ‘ஆப்பை எடுத்துவிட்டேன், எனவே ரத்து’ என்ற வாதத்தை மட்டும் நம்பி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாதீர்கள்.

ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சாட்டில் கேட்டேன், டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள். உங்கள் வழக்கு என்று ஒன்று இருந்தால் அது அந்த வரியில்தான் இருக்கிறது. அந்த சாட்டில் ‘சந்தாவை ரத்து செய்யுங்கள்’ என்று நீங்கள் தெளிவாகக் கேட்டிருந்தால், அந்தத் தேதிக்குப் பின் எடுத்த ஒவ்வொரு தொகையையும் சேவைக் குறைபாடு என்றும், நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் சொல்ல இடமுண்டு. வெறுமனே ‘ஏன் பணம் போகிறது’ என்று மட்டும் கேட்டிருந்தால் நிலைமை பலவீனம். என்ன கேட்டீர்கள் என்பதை எழுதவில்லை, ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்கவில்லை.

இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாதா மாதம் பணம் போவதைப் பாஸ்புக்கில் பார்த்திருக்கிறீர்கள். ‘இருநூறு, முந்நூறுதானே என்று விட்டுவிட்டேன்’ என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படி விட்ட பணத்துக்கு இப்போது வட்டியும் கேட்கிறீர்கள்! ஆப்பை எடுத்த தேதியைக் கேட்டால் போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளி. சாட் செய்த தேதி அதுகூட இல்லை. நீதிமன்றத்தில் பண்டிகையை வைத்து நாள் கணக்குப் பார்க்க மாட்டார்கள். எந்த மாதத்தில் எவ்வளவு போனது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதக்கூட இல்லை. கடிதம் முழுக்க ‘சுமாராக’ என்ற சொல் வருகிறது. அனுப்பிய பாஸ்புக் படங்களில் ஒன்றில் தொகை இருக்கும் பத்தியைக் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எந்த வக்கீலும் நோட்டீஸ் தயாரிக்க முடியாது.

காலதாமதம் ஏன் முக்கியம் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-ன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். ‘சின்னத் தொகை என்று விட்டுவிட்டேன்’ என்பது போதிய காரணம் ஆகாது. ஒவ்வொரு மாதப் பிடித்தமும் புதிய காரணம் என்று வாதாடலாம். அப்போதும் கடைசி 2 ஆண்டுப் பணம்தான் ஓரளவு பாதுகாப்பான கணக்கு. நீங்கள் எழுதும் ‘தீபாவளி’ எது என்பதைப் பொறுத்து, ஒவ்வொரு மாதமும் ஒரு தவணை கைநழுவிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் படங்களில் நீங்கள் கவனிக்காத ஒன்று. ஒரே மாதத்தில் இரண்டு பிடித்தங்கள் தெரிகின்றன. ஒன்று அந்தப் பாட்டு நிறுவனத்தின் பெயரில். மற்றொன்று ஆப் ஸ்டோரின் பெயரில், தொகையும் வேறு. இரண்டாவது, மகளோ மனைவியோ தனியாக எடுத்த தனிநபர் சந்தாவாக இருக்கலாம். வேறு எதற்கோ கட்டியதாகவும் இருக்கலாம். முதலில் வீட்டில் கேளுங்கள். ஸ்டோர் வழியாக எடுத்த சந்தாவைப் பாட்டு நிறுவனத்தின் சாட்டில் சொல்லி ரத்து செய்ய முடியாது. ஸ்டோரில் உங்கள் கணக்கின் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதிக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். எதிர்மனுதாரர் யார் என்பதே இதைப் பொறுத்து மாறும்.

அடுத்து வங்கி. தானாகப் பணம் எடுக்கும் ஆணைகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் விதி வகுத்தது. 2020-ல் அது யு.பி.ஐ.க்கும் விரிந்தது, அவகாசங்கள் எல்லாம் முடிந்து 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு யாருக்கு, எவ்வளவு, எப்போது போகிறது என்று உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வேண்டாம் என்று விலகிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். ஆணையை எந்த நேரத்திலும் ரத்து செய்யலாம். இந்த வசதிக்கு வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. தகவல் வரவே இல்லை என்றால் வங்கியைக் கேள்வி கேட்கலாம். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் கெடு உண்டு. தகவல் வந்து, லோன் விளம்பரங்களோடு சேர்த்து நீங்களே அழித்திருந்தால் வங்கி மேல் குற்றம் சொல்ல முடியாது. எந்த எண்ணுக்கு வந்தது என்றும் பாருங்கள். சிம் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள்; வங்கியில் எண்ணை மாற்றினீர்களா என்பதை எழுதவில்லை.

கட்டணம் உயர்ந்தபோது மறுபடி பின் நம்பர் கேட்கவே இல்லை, அது மோசடி இல்லையா என்கிறீர்கள். அவசரப்பட்டு அந்தச் சொல்லைப் போடாதீர்கள். ஆட்டோபே போடும்போது திரையில் இரண்டு விதமாக வரும்: மாதம் இத்தனை ரூபாய் என்று நிலையான தொகை, அல்லது ‘இவ்வளவு ரூபாய் வரை’ என்று உச்ச வரம்பு. இரண்டாவதற்கு நீங்கள் பின் நம்பர் போட்டிருந்தால், அந்த வரம்புக்குள் கட்டணம் ஏறும்போது மறுபடி கேட்க வேண்டிய அவசியமில்லை. யு.பி.ஐ. ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்தால் அந்த ஆணையும் வரம்பும் அப்படியே இருக்கும். ரத்து செய்வதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கட்டணத்தை உயர்த்துவது மட்டுமே சட்ட மீறல் அல்ல; பாட்டு சந்தாவுக்கு அரசு விலை நிர்ணயிப்பதில்லை. உதாரணத்துக்கு, யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டம் 2024 ஆகஸ்டில் மாதம் ரூ.189-லிருந்து ரூ.299 ஆனது, தனிநபர் திட்டம் ரூ.129-லிருந்து ரூ.149. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு பேர் தனித்தனியாக எடுத்தாலே ரூ.298. ஒரே வீட்டில் மூன்றாவது ஆள் கேட்டால்தான் குடும்பத் திட்டத்தில் லாபம். உங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறீர்கள். பூந்தமல்லியையும் ஆவடியையும் சேர்க்காமலே உங்களுக்குக் கட்டுப்படியாகியிருக்கும்.

அக்காவை நீக்கியதைப் பற்றி: ‘குடும்பம்’ என்று இந்த நிறுவனங்கள் எழுதுவது ரத்த உறவை அல்ல, ஒரே முகவரியில் வசிப்பவர்களை. கூடப்பிறந்த அக்காவாகவே இருந்தாலும் பூந்தமல்லியில் இருந்தால் அந்த நிபந்தனைப்படி அவர் வெளி ஆள். நியாயமாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தொட்டது நீங்கள். இதைப் புகாரில் சேர்த்தால், பொய் முகவரி கொடுத்ததை நீங்களே ஆணையத்தில் எழுதிக் கொடுப்பதாக ஆகும். சேர்க்காதீர்கள்.

அதற்காகக் கைது, கேஸ் என்று பயப்படவும் வேண்டாம். பொதுவாக இது ஒப்பந்த நிபந்தனையை மீறியது. நிறுவனம் ஆட்களை நீக்கலாம், கணக்கை முடக்கலாம். ஆவடி கமிஷனர் அலுவலகத்திலிருந்து யாரும் இதற்காகப் புறப்பட்டு வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இனி நோட்டீஸிலோ பிரமாணப் பத்திரத்திலோ ‘ஆறு பேரும் வெள்ளானூரில்தான் இருந்தோம்’ என்று எழுதிவிடாதீர்கள். சத்தியம் செய்து பொய் சொல்வது வேறு விஷயம். அங்கே மச்சினன் சொன்னது உண்மையாகிவிடலாம்.

உடனே செய்ய வேண்டியது: யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபேயை ரத்து செய்யுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போய்ச் சந்தாவையும் தனியாக ரத்து செய்யுங்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட வேண்டாம். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு, பழைய டிக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு, அந்த சாட்டின் முழு நகலையும் பணத்தையும் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். டிக்கெட் எண் மறந்திருந்தால் சந்தா எடுத்தபோது கொடுத்த மின்னஞ்சலில் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு தானியங்கிப் பதில் அங்கே கிடக்கும். மின்வணிக விதிகள் 2020-ன்படி அந்த அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். இத்தனை சிறிய தொகைக்கு நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவது உண்டு.

அப்படியும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ‘கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறதே’ என்று தயங்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே தாக்கல் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது. முகவரியில் சென்னை என்று எழுதினாலும் வெள்ளானூர் திருவள்ளூர் மாவட்டம். எனவே திருவள்ளூர் ஆணையம். அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டதால் வேலை செய்யும் இடத்தைக் காட்டிச் சென்னையிலும் போடலாம், ஏதாவது ஒன்றுதான். நிபந்தனைகளில் ‘நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும்’ என்று இருந்தாலும், அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பது 2018 டிசம்பரில் எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த நிலை. ரூ.5 லட்சம் வரை தாக்கல் கட்டணம் கிடையாது. ரத்து செய்யும் வழியை மறைத்தோ சுற்றவிட்டோ வைப்பதை, 2023 நவம்பர் 30-ல் வந்த ‘டார்க் பேட்டர்ன்’ வழிகாட்டு நெறிகள் சந்தாப் பொறி என்று தடை செய்கின்றன. உங்கள் சாட் நகல் கிடைத்தால் இது கை கொடுக்கும். ஸ்கிரீன்ஷாட்களுக்குச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-ன்படி சான்று இணைப்பது நல்லது. முழுப் பணமும் வட்டியோடு வரும் என்று நான் எழுதித் தர மாட்டேன். சாட் தேதிக்கு முந்தைய பணத்தை மறந்துவிடுவதே உங்களுக்கு நல்லது.

மச்சினன் பாக்கி நுகர்வோர் வழக்கு அல்ல. அது உங்கள் இருவருக்குள் வாய்மொழிப் பேச்சு. உரிமையியல் நீதிமன்றம் போனால் ஸ்டாம்புச் செலவு பாக்கியைத் தாண்டிவிடும். மனைவியிடம் சொல்லிப் பாருங்கள்.

இங்கே எழுதியது நீங்கள் தந்த அரைகுறைத் தகவலை வைத்துச் சொன்ன பொது விளக்கம். இதையே ஆலோசனையாக எடுத்துக்கொண்டு தாக்கல் செய்துவிடாதீர்கள். ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். செலவுக்குத் தயங்கினால், தொழிற்சாலைத் தொழிலாளி என்ற வகையில் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12-ன்கீழ் இலவச சட்ட உதவிக்கே உங்களுக்குத் தகுதி இருக்கலாம். 15100 என்ற எண்ணில் கேளுங்கள். போகும்போது பாஸ்புக்கை அல்ல, சந்தா தொடங்கிய மாதத்திலிருந்து வங்கி முத்திரையோடு முழு ஸ்டேட்மென்ட், ஆட்டோபே பக்கத்தின் படம், சாட் நகல் அல்லது டிக்கெட் மின்னஞ்சல், மாதவாரியாகத் தேதியும் தொகையும் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அடுத்த பிடித்தத் தேதிக்கு முன்பே போங்கள்.